இரண்டு மில்லி ரத்தம்

ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்த ஆம்புலன்ஸிலிருந்து அந்த அம்மா இறங்கியபோது கையில் ஒரு துணிக்கடைக் கவர் இருந்தது. பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே கொண்டுபோன பிறகும் கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடியே வாசலில் நின்றார். நான்கு வயதுப் பையன். கை கால் சில்லென்று இருந்தது. நகத்தை அழுத்திவிட்டால் ரத்தம் திரும்பி வர நேரமெடுத்தது.

"எத்ர திவசமாயி பனி?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார்.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பணகுடிப் பக்கத்திலிருந்து வந்தவருக்குப் பனி என்றால் மார்கழியில் விழுவது. "பனியெல்லாம் இல்ல சார், வெயிலுதான்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு எத்தனை நாளா காய்ச்சல் அடிக்குன்னு கேக்காரு" என்று நான் சொன்னதும் அந்த அம்மாவுக்கு அதுவரை அடக்கிவைத்த அழுகை வந்துவிட்டது. "யக்கா, நீங்க தமிழா?"

நான் குழித்துறைக்காரி. வீட்டிலிருந்து களியக்காவிளை எல்லை பக்கம்தான். நர்சிங் முடித்த நாளிலிருந்து திருவனந்தபுரத்தில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. முதல் எட்டு வருஷம் பெட் பக்கத்திலேயே நின்றேன். இப்போது இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ். அதாவது யார் கை கழுவினார்கள், எந்தப் பிள்ளைக்கு எத்தனை நாளாக டியூப் இருக்கிறது, எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனையாவது நாள் ஓடுகிறது என்று கணக்கு வைத்திருப்பவள். இந்தக் கணக்குக்கு என்னைக் கொண்டுவந்தது அந்தப் பையன்தான்.

கவரைப் பிரித்து மேசையில் வைத்தோம். பாதி தீர்ந்த அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் சிரப். இரண்டே வேளை கொடுத்துவிட்டு மூடிவைத்த செஃபிக்ஸிம் பாட்டில். இரண்டும் ஆன்டிபயாட்டிக். காய்ச்சல் மருந்து. இது போக, ஊர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாக ஊசி. என்ன ஊசி? அங்கிருந்து கொடுத்த சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: ஆன்டிபயாட்டிக் ஊசி போடப்பட்டது, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது. மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்பதும் இல்லை. அந்த நேரத்தில் போன் போட்டேன். எடுத்தவர் வாட்ச்மேன். "காலைல டாக்டர் வந்ததும் கேட்டுச் சொல்லுதேன்" என்றார். அவரால் வேறென்ன சொல்ல முடியும்? பையனின் அப்பா திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்ப்பவர். அவர் இருக்கும் ஊர் என்பதால்தான் பிள்ளையை ஆரல்வாய்மொழி, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று மூன்று மணி நேரம் கொண்டுவந்திருந்தார்கள்.

செப்டிக் ஷாக், அதாவது தொற்று முற்றி ரத்த ஓட்டமே குலைந்துபோன நிலை, என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் உள்ளே போய்விட வேண்டும். குழந்தைகளுக்கென்று 2020-இல் வந்த சர்வதேச வழிகாட்டி அப்படித்தான் சொல்கிறது. ஷாக் இல்லாவிட்டால் மூன்று மணி நேரம் வரை பரிசோதனைக்கு இடம் உண்டு. எங்களுக்கு இருந்தது ஒரு மணி நேரம். மெரோபெனம், வான்கோமைசின் என்ற இரண்டு பவர் கூடின ஆன்டிபயாட்டிக்கையும் கலந்து வைத்தாயிற்று. ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். பெரியவர்களிடம் ஒரு பாட்டிலுக்கே எட்டு, பத்து மில்லி எடுப்போம். பிள்ளைகளிடம் அது நடக்காது. அதிலும் ஷாக்கில் இருக்கும் பிள்ளைக்கு நரம்பு நூல்போல் சுருங்கிப்போயிருக்கும். நான் கையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை எடுத்தார். இரண்டு மில்லி. பாட்டிலில் ஊற்றிய அடுத்த நிமிஷம் மெரோபெனம் ஏறியது.

அந்த ராத்திரி அந்த மருந்தைப் போட்டதில் எனக்கு இன்றுவரை எந்தக் குறையும் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தேவையில்லாமல் பவர் மருந்து போடுகிறார்கள் என்று வெளியே இருந்து பேசுகிறவர்கள், நள்ளிரவில் ஒரு பிள்ளையின் கை சில்லிட்டுப் போவதைத் தொட்டுப் பார்த்ததில்லை. எது காரணம் என்று தெரியாதபோது எல்லாவற்றுக்கும் சேர்த்து அடிப்பதுதான் நியாயம். சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது.

கல்ச்சர் பாட்டில் மெஷினுக்குள் போனால், கிருமி இருக்கும் பட்சத்தில் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் மணி அடித்துவிடும். அடிக்கவில்லை என்றால், பிள்ளையும் தேறியிருந்தால், மருந்தை நிறுத்தலாம், குறைக்கலாம். அந்த இரண்டு மில்லி ரத்தம் அதற்குத்தான். தொடங்குவதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை, பயம் ஒன்றே போதும். நிறுத்துவதற்குத்தான் ஆதாரம் வேண்டும். பையனின் ரிப்போர்ட் 48 மணி நேரத்தில் வந்தது: வளர்ச்சி இல்லை. ஆனால் அதை நம்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு சிரப், பெயர் தெரியாத ஒரு ஊசி. உண்மையிலேயே கிருமி இல்லையா, இல்லை அந்த மருந்தெல்லாம் சேர்ந்து கிருமியை பாட்டிலில் வளரவிடாமல் அமுக்கிவிட்டதா? பணகுடியில் போட்ட ஊசியின் பெயர் எழுதாமல் விட்டதற்கு, திருவனந்தபுரத்தில் மெரோபெனம் கூடுதலாக ஓடியது.

நான்காம் நாள் காலை ஸ்பான்ஜ் பாத் கொடுக்கும்போது இடது அக்குளைத் துடைத்தேன். மடிப்புக்குள் ஒரு சின்னப் பொருக்கு. சிகரெட் நுனியால் சுட்டதுபோல் கறுப்பாக, சுற்றிலும் லேசான சிவப்பு. வலி இல்லை போல, தொட்டதும் பையன் கையை இழுக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகமே சொல்லிவிட்டது. உண்ணிக் காய்ச்சல். கேரளத்தில் செள்ளுப் பனி என்பார்கள். புதர்க்காட்டில் இருக்கும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கப் போகும் தாத்தாவோடு பையனும் தினமும் போவானாம். அதை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் எந்தப் பாஷையில் கேட்பது?

இந்தக் கிருமி செல்லுக்குள் போய் ஒளிந்து வாழ்வது. மெரோபெனமோ வான்கோமைசினோ அதை ஒன்றும் செய்யாது. டாக்ஸிசைக்ளின் கேட்கும், அஸித்ரோமைசின் கேட்கும். இரண்டும் மிகச் சாதாரணமான, விலை குறைந்த மருந்துகள். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் வழியாக டாக்ஸிசைக்ளின் கொடுத்தோம். மறுநாள் ராத்திரி காய்ச்சல் இறங்கியது. அதற்கு அடுத்த நாள் அம்மாவிடம் தோசை கேட்டான்.

சரி, அப்போது மெரோபெனத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஏழாம் நாள் வரை ஓடியது. நைட் டாக்டரிடம் கேட்டேன், சீனியர் தொடங்கியதை நான் எப்படி நிறுத்துவது என்றார். சீனியர் லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாக ரவுண்ட்ஸ் வந்தவர், "பிள்ளை நல்லா இருக்கில்ல, இப்ப எதுக்குத் தொடணும்" என்றார். பையனின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பவர் கூடின மருந்தாவே போடுங்கம்மா, பைசா பாக்காண்டாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். யார் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை பேரும் பிள்ளையின் நன்மையைத்தான் நினைத்தார்கள். ஆனால் தொடங்க ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது, நிறுத்துவதற்கு மட்டும் எங்கள் வார்டில் யாருக்கும் கை வரவில்லை.

அதே வாரம் அடுத்த பெட்டில் ஏழு மாதக் குழந்தை. பிறவியிலேயே இதயக் கோளாறு, வென்டிலேட்டரில் மூன்றாவது வாரம். கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும் சென்ட்ரல் லைன், யூரின் டியூப், மூச்சுக் குழாய். அதன் ரத்தத்தில் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயருக்கு எதிரே ஆர், ஆர், ஆர் என்று வரிசையாக இருந்தது. ஆர் என்றால் அந்த மருந்து கேட்காது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு நேரே மட்டும் ஐ, அதாவது கேட்கலாம், உறுதியில்லை, என்று இருந்தது. கொலிஸ்டினுக்கு எஸ், அதாவது நிச்சயமாகக் கேட்கும், என்று இப்போது போடுவதே இல்லை. பரிசோதனைக் கூடங்களுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்க அமைப்பு 2020-இல் அந்த எழுத்தையே எடுத்துவிட்டது. இருப்பது ஐ அல்லது ஆர். அந்த மருந்தை நாங்கள் யூனிட் கணக்கில் கலக்க வேண்டும். சில மருந்துக் குப்பியில் யூனிட்டில் எழுதியிருக்கும், சிலதில் மில்லிகிராமில். பத்து லட்சம் யூனிட் என்பது கொலிஸ்டின் பேஸ் கணக்கில் ஏறக்குறைய 33 மில்லிகிராம். இதில் ஒரு தடவை தவறினால் சிறுநீரகம் போய்விடும். இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போன பிறகே சிரிஞ்சில் ஏற்றுவோம். அந்தக் குழந்தையைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை. பதினோராம் நாள் பெட் காலியானது.

பையனுக்கு ஓடிய மெரோபெனத்தால்தான் அந்தக் குழந்தைக்கு அது வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் வார்டு முழுவதும் இது எப்படி நடக்கிறது என்று தெரியும். எங்கள் ஊர் ரப்பர் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அடித்த மறுவாரம் புல்லெல்லாம் கருகிவிடும். மழை பெய்ததும் முதலில் தலையெடுப்பது எது? மருந்துக்குச் சாகாத களை. இடம் முழுக்க அதற்குச் சொந்தம், போட்டிக்கு ஆள் இல்லை. பிள்ளையின் குடலும் அப்படித்தான். அங்கே கோடிக்கணக்கில் நல்ல பாக்டீரியா இருக்கிறது. ஏழு நாள் மெரோபெனம் அதையெல்லாம் அழித்துவிட்டால் அதற்குச் சாகாதது மட்டும் பெருகும். அதோடு நிற்பதும் இல்லை. சாகாத வித்தையைச் சொல்லும் மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு, வேறு இனமாக இருந்தாலும், கைமாற்றிக் கொடுத்துவிடும். அப்புறம் டயப்பர் மாற்றிய கை, சரியாகத் தேய்க்காத கை, அடுத்த பெட்டின் லைனைத் தொடுகிறது.

கை என்று சொல்லும்போது என் ஆட்களைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. கையைச் சுத்தம் செய்யும் ஹேண்ட்ரப் திரவம் போட்டு ஒழுங்காகத் தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும். வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளையிடம் சளி உறிஞ்ச, மருந்து போட, புரட்டிப் படுக்கவைக்க, டியூப் பார்க்க என்று ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை கை போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் முன்னாலும் பின்னாலும் தேய்த்தால் பத்து நிமிஷம் அதற்கே போய்விடும். ஒரு நர்ஸுக்கு ஒரு வென்டிலேட்டர் பிள்ளை என்றால் அது நடக்கும். ராத்திரியில் ஒருத்தி இரண்டு பிள்ளையைப் பார்க்கும்போது, ஒன்றின் மானிட்டர் அலறினால் அவள் கையைத் தேய்த்துவிட்டு ஓடுவாளா, ஓடிவிட்டுத் தேய்ப்பாளா? ஆள் குறைவாக இருக்கும் மாதத்தில் ஆன்டிபயாட்டிக் செலவு ஏறுகிறதே என்று நிர்வாகம் கேட்டால், டியூட்டி ரோஸ்டரைத்தான் முதலில் எடுத்து நீட்டுவேன்.

இது எங்கள் வார்டில் மட்டும் நடப்பதாக இருந்தால் இத்தனை தூரம் எழுத மாட்டேன். 2019-இல் மருந்துக்குக் கேட்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக உலகத்தில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட்டில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் ஐந்தில் ஒன்று ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வந்தது. தொற்றுக்குக் காரணமான அசினிடோபாக்டர் கிருமிகளில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கும் கேட்காதவை. பிறந்து சில நாளே ஆன குழந்தை, ஒரு மருந்துகூடக் குடித்திருக்காத குழந்தை, நாம் எல்லோரும் குடித்துத் தீர்த்ததன் பலனை அனுபவிக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேர் கணக்குப் பார்த்து ஏற்றும் அந்தக் கொலிஸ்டின், கோழி சீக்கிரம் எடை போடத் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. கால்நடைக்கு அதை விற்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது 2019 ஜூலையில்தான்.

என் வீட்டையே சொல்கிறேன். அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாத்திரை சேர்த்து வைத்திருப்பார். போன வருஷம் லீவுக்குப் போனபோது திறந்து பார்த்தேன். அஸித்ரோமைசின் அட்டையில் ஒன்று மிச்சம், வேறொரு அட்டையில் நான்கு. "அதுதான் காய்ச்சல் விட்டாச்சே மக்களே, மிச்சத்த அடுத்த தரத்துக்கு வச்சிருக்கேன்" என்றார். அடுத்த தரம் யாருக்கு என்றால் தங்கை மகனுக்கு. ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு மூக்கு ஒழுகியதும் பாதி மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார். சளிக்கு, அதுவும் வைரஸால் வந்த சளிக்கு. நான் அன்றைக்குச் சத்தம் போட்டேன். பிறகு யோசித்தால் அம்மாவுக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்? டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று கணக்குப் பார்த்துப் பிள்ளை வளர்த்தவர். மெடிக்கலில் போய் நின்று சொன்னால் மருந்து கிடைக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் ஹெச்1 என்ற பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளி பெயர், டாக்டர் பெயர், எவ்வளவு கொடுத்தது என்று கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பணகுடி அம்மாவின் கவரில் இருந்த செஃபிக்ஸிம் அந்தப் பட்டியலில் உள்ள மருந்துதான். அதற்கு முந்தைய சீட்டைக் காட்டி, தெரிந்த கடையில் வாங்கியதாகச் சொன்னார். மருந்துக்குக் கேட்காத கிருமிகளைத் தடுக்கவென்றே கேரளம் 2018-இல் மாநிலத் திட்டம் போட்டது. 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்று கடை கடையாகச் சோதனைக்கு இறங்கினார்கள். அது நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். ஆனால் எங்கள் எல்லையில் கோடு ரோட்டுக்குக் குறுக்கே போகிறது, பஸ் நிற்பதில்லை, உறவும் நிற்பதில்லை. பாறசாலையில் சீட்டு கேட்டால் அந்தப் பக்கம் கேட்காத கடையைத் தேடிப் போக பத்து நிமிஷம் போதும். இந்த விஷயத்தில் இரண்டு மாநிலமும் ஒரே நாளில் ஒரே மாதிரி நடந்தால்தான் எங்களைப் போன்ற ஊர்களுக்கு ஏதாவது நடக்கும்.

வார்டுக்குள் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன். மருந்துச் சார்ட்டில் ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கின் பெயருக்கும் மேலே அது எத்தனையாவது நாள் என்று சிவப்புப் பேனாவால் எழுத ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் பெட்சைடு நர்ஸ் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "கல்ச்சரில் வளரவில்லை, இது எதற்குத் தொடர்கிறது?" தொடரலாம், தப்பில்லை. ஆனால் காரணத்தை ஒரு வரி எழுத வேண்டும். முதல் சில வாரம் இளம் நர்ஸுகளுக்கு நாக்கு எழவில்லை. ஒரு பெரிய டாக்டரிடம் போய் எதற்கு என்று எப்படிக் கேட்பது? எங்கள் சீனியரே ஒரு நாள் ரவுண்ட்ஸில் நின்று, "யாரும் கேட்கலயே" என்று காத்திருந்தார். அதற்குப் பிறகு கேட்டார்கள். வான்கோமைசின் மூன்றாம் நாளில் நிற்பது இப்போது எங்கள் வார்டில் சாதாரணமாகிவிட்டது. மெரோபெனத்தை நிறுத்த இன்னும் தயங்குகிறோம், அதையும் மறைக்க வேண்டாம்.

வெளியே இருந்து வரும் பிள்ளைகளுக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. இரண்டு வருஷம் முன்னால் ஒரு பக்கச் சீட்டு ஒன்று தயாரித்தேன். தமிழிலும் மலையாளத்திலும். மருந்தின் பெயர், அளவு, மணி, கல்ச்சர் எடுத்தீர்களா, காடு மேடு புதர் பக்கம் போகும் பிள்ளையா, உடம்பு மடிப்புகளைப் பார்த்தீர்களா. ஐந்தே நிமிஷ வேலை. லீவு நாளில் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை ரோட்டோரச் சின்ன ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கிக் கொடுத்தேன். சிலர் வாங்கி மேசையில் வைத்ததோடு சரி. சிலர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து, "எங்க கிட்ட கல்ச்சர் வசதி இல்லியே சிஸ்டர்" என்றார்கள். அது நியாயம். எங்கள் மெஷினுக்குப் பொருந்தும் பாட்டிலையே அனுமதி வாங்கி இரண்டு இடத்தில் கொடுத்துவைத்தேன். ரத்தம் எடுத்து, பெயரும் மணியும் எழுதி, பிள்ளையோடு அனுப்புங்கள், ஃபிரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன மாதம் ஒரு ஆறு வயதுப் பெண்பிள்ளை வந்தாள். பாலராமபுரத்து நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் தாமதம். அவள் அம்மாவின் மடியில் கைக்குட்டையில் சுற்றிய பாட்டில் ஒன்று. சீட்டில் எழுதியிருந்தது: கல்ச்சர் எடுத்தது இரவு 9.25, செஃப்ட்ரையாக்ஸோன் முதல் டோஸ் 9.40. பாட்டிலை வாங்கி நானே மெஷினில் வைத்தேன். அடுத்த நாள் டெங்கு உறுதியானது. அது வைரஸ் காய்ச்சல். 48 மணி நேரம் ஆகியும் மெஷின் மணி அடிக்கவில்லை. மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் அந்த செஃப்ட்ரையாக்ஸோன் ஆன்டிபயாட்டிக் ஊசியை நிறுத்தச் சொல்லி டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மதியம் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "எக்கா, பிள்ளைக்கு ஊசிய நிப்பாட்டிட்டாவளே. இனி ஒண்ணும் செய்யதுக்கு இல்லியா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். மேசையில் இருந்த அந்தச் சீட்டை எடுத்து, ஒன்பது இருபத்தஞ்சு என்று எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்து, அங்கிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.